வண்ணம் பேசுகிறது, வியாபாரி கவனிக்க வேண்டும்

நமது சங்க இதழில் சரக்கு, வரி, எடைக்கல் முத்திரை, கடன் வசூல் பற்றியெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். வண்ணத்தைப் பற்றி எழுத மளிகை வியாபாரிக்கு என்ன இருக்கிறது என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஒரு சிறிய பச்சை வட்டத்தினால் எனக்கும் முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு கடைக்கும் ஏற்பட்ட மனத்தாங்கலே இதை எழுதத் தூண்டியது.

நான் பருப்பு வகைகள் மொத்த வியாபாரம் செய்பவன். தினமும் காலையில் விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பி வைப்பது வழக்கம். பட்டியல் பளிச்சென்று தெரியட்டும் என்று ஒவ்வொரு சரக்கின் பக்கத்திலும் ஒரு வண்ண வட்டம் வைத்தேன். விலை ஏறிய சரக்குக்குச் சிவப்பு. வாங்குகிறவர் நிதானிக்க வேண்டும் என்று பொருள். விலை இறங்கிய சரக்குக்குப் பச்சை; தாராளமாகப் போகலாம் என்று பொருள். சாலை விளக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன குழப்பம் வரும்?

வந்தது. அந்தப் பழைய கடையை இப்போது வாடிக்கையாளரின் மகன் பார்த்துக்கொள்கிறார். இருபத்து நான்கு வயது. ஒரு நாள் துவரம் பருப்புக்குப் பக்கத்தில் பச்சை வட்டத்தைப் பார்த்தவுடன், "இருபது மூட்டை போடுங்கள் அண்ணாச்சி" என்று செய்தி அனுப்பினார். வழக்கமாக ஐந்து மூட்டை எடுக்கிற கடை. எனக்கு மகிழ்ச்சி, ஏற்றி விட்டேன். அடுத்த வாரம் விலை கிலோவுக்கு மேலும் 6 ரூபாய் இறங்கியது. இருபது மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ, ஆக 1,000 கிலோ. 6,000 ரூபாய் கைநட்டம். தம்பி நேரில் வந்து, "விலை ஏறுகிறது என்று நீங்களே பச்சை போட்டு விட்டு, இப்படி இறக்கி விட்டீர்களே அண்ணாச்சி" என்றார்.

விசாரித்த பிறகுதான் விளங்கியது. அவர் கைபேசியில் பங்குச் சந்தை பார்க்கிற பிள்ளை. அங்கே பச்சை என்றால் ஏற்றம், சிவப்பு என்றால் இறக்கம். நான் வாங்குகிறவர் கண்ணால் வண்ணம் வைத்தேன்; அவர் சந்தைத் திரையின் கண்ணால் படித்தார். யார் மீதும் குற்றமில்லை. ஆனால் வண்ணம் வைத்தவன் நான். ஆகையால் 3,000 ரூபாயை அவர் பற்றில் கழித்துக் கொடுத்தேன். பழைய உறவு பிழைத்தது. அதன் பிறகு என் பேத்தியிடமும் கடைப் பிள்ளைகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட பாடத்தை உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

நமக்கும் வண்ண மொழி உண்டு

இளைஞர்கள் வண்ணத்தில் பேசுகிறார்கள் என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. நாமும் அப்படித்தான். புதுக்கணக்கு நோட்டில் மஞ்சள் வைத்துப் பிள்ளையார் சுழி போடுகிறோம். அதே மஞ்சள், "அவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்" என்னும்போது கடன்காரர் கைவிரித்துவிட்டார் என்ற வயிற்றெரிச்சலாகிறது. பச்சை மையில் கையெழுத்து என்றால் அதிகாரி. கறுப்புப் பணம், பச்சைக்கொடி எல்லாம் நம் வாய்மொழிதான்.

ஒரே பொருளுக்குத் தலைமுறைக்குத் தலைமுறை அர்த்தம் மாறுவதற்கும் நல்ல உதாரணம் நம் கடையிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பட்டணத்துக்கு வந்தவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்தார்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. இன்று அதே பையைப் படம் பிடித்து இளைஞர்கள் பெருமையாகப் போடுகிறார்கள். பையும் நிறமும் மாறவில்லை. பார்க்கிற கண் மாறிவிட்டது.

கைபேசிக்குள் வண்ணம் வந்த கதை

எமோஜி எனப்படும் சிறு படங்கள் ஜப்பானில் பிறந்தவை. அங்குள்ள டோகோமோ தொலைபேசி நிறுவனத்துக்காக ஷிகெதாகா குரிதா என்பவர் 1999 இல் 176 படங்கள் கொண்ட தொகுதியை உருவாக்கினார். ஒவ்வொன்றும் நீளவாக்கில் 12, அகலவாக்கில் 12 புள்ளிகளுக்குள் அடங்கிய சிறு படம். 2010 இல் யூனிகோடு என்னும் உலகப் பொது எழுத்துத் தரத்தில் எமோஜிகள் பெருமளவில் சேர்க்கப்பட்டன. அதனால்தான் இங்கிருந்து அனுப்பும் இதயம் அமெரிக்காவிலும் இதயமாகவே போய்ச் சேருகிறது.

அப்போது நீலம், பச்சை, மஞ்சள், ஊதா இதயங்கள் வந்தன. கறுப்பு இதயம் 2016 இலும், ஆரஞ்சு 2017 இலும், வெள்ளையும் பழுப்பும் 2019 இலும் சேர்ந்தன. இளஞ்சிவப்பு இதயம் 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வட்டங்களில் சிவப்பும் நீலமும் 2010 இல் வந்தவை; என்னைச் சிக்கலில் மாட்டிவிட்ட பச்சை வட்டம் 2019 இல்தான் வந்தது. முகங்களுக்கும் கைகளுக்கும் தோல் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி முதலில் இல்லை. 2015 இல் ஐந்து தோல் நிறங்கள் சேர்க்கப்பட்டு, அவரவர் தமக்குரிய நிறத்தில் கும்பிடு போட வசதி வந்தது.

படத்தைச் செய்தவர்கள் நிறத்தைத்தான் கொடுத்தார்கள். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று அகராதி எதுவும் கொடுக்கவில்லை. பொருளைக் கொடுத்தவர்கள் அதைப் பயன்படுத்துகிற பிள்ளைகள். ஆகவே இது கூட்டத்துக்குக் கூட்டம் மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும்.

இதயத்தின் நிறங்கள்

சிவப்பு இதயம் காதலுக்கும், மிக நெருங்கிய குடும்ப அன்புக்கும் உரியது. இதைப் பெரும்பாலான பிள்ளைகள் கவனமாகவே கையாளுகிறார்கள். மஞ்சள் இதயம் நட்புக்கு. "உன்மேல் அன்பு உண்டு, வேறு அர்த்தம் வேண்டாம்" என்று எல்லை போட்டுச் சொல்வதற்கு மஞ்சளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊரில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டமன்று மஞ்சள் இதயம் வந்தால் அது கிரிக்கெட் இதயம். நட்பைத் தேட வேண்டாம். பச்சை இதயம் பெரும்பாலும் மரம், செடி, ஊர்ப்பக்கம் பற்றிய படங்களுக்கு வருகிறது.

கறுப்பு இதயத்தைக் கண்டு பெரியவர்கள் பதறுவதுண்டு. என் பேத்தி புதுச் சுடிதார் படத்துக்குக் கீழே கறுப்பு இதயம் போட்டிருந்தாள். பாட்டிக்கு வருத்தம், நல்ல நாளில் கறுப்பா என்று. "அது ஸ்டைல் பாட்டி, துக்கமில்லை" என்று சொல்லிச் சிரித்தாள். ஆனால் அதே கறுப்பு இதயத்தை மனவருத்தத்துக்குப் போடுகிறவர்களும் உண்டு. கூடவே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வெள்ளை இதயத்தைத் தூய அன்புக்கும் போடுகிறார்கள், இரங்கலுக்கும் போடுகிறார்கள். வியாபாரிகள் குழு ஒன்றில் மூத்தவர் ஒருவரின் மறைவுச் செய்தி வந்தபோது, ஓர் இளம் கடைக்காரர் வெள்ளை இதயம் மட்டும் போட்டார். "சாவுச் செய்திக்கு இதயமா?" என்று சிலர் முகம் சுளித்தார்கள். யோசித்துப் பார்த்தால் வெள்ளை நமக்கும் துக்கத்தின் நிறம்தானே. அந்தப் பிள்ளை மரியாதையைத்தான் தெரிவித்தது. இருந்தாலும் பெரியவர்கள் இருக்கும் குழுவில் இரண்டு வார்த்தை எழுதுவதே நல்லது என்று பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொடுத்தோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர், வீட்டுக்குச் சாமான் அனுப்பச் சொல்லிச் செய்தி போட்ட இளம் பெண்ணுக்கு, நன்றி என்ற எண்ணத்தில் சிவப்பு இதயம் அனுப்பிவிட்டார். ஐம்பது வயது மனிதர், மனத்தில் கல்மிஷமில்லை. மறுநாள் அந்தப் பெண்ணின் அண்ணன் கடைக்கு வந்து நின்றார். விளக்கிச் சொல்லி மன்னிப்புக் கேட்டும் அந்த வீட்டுக் கணக்கு திரும்பி வரவில்லை. வாடிக்கையாளருக்கு எந்த நிற இதயமும் வேண்டாம். "நன்றி, சாமான் வந்து சேரும்" என்ற வார்த்தையும், வேண்டுமானால் ஒரு கும்பிடும் போதும்.

டிக், வளையம், புள்ளி

இவற்றின் நிறம் நாம் தேர்ந்தெடுப்பதல்ல, நிறுவனமே வைத்தது. வாட்ஸ்அப்பில் ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி புறப்பட்டது. இரண்டு சாம்பல் டிக் என்றால் எதிராளியின் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டும் நீலமானால் பார்த்தாகிவிட்டது. இந்த நீலம் 2014 நவம்பரில் வந்தது. இளைஞர் மத்தியில் நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால் அது அலட்சியம், சில சமயம் அவமானம். நாம் காலை வியாபார நேரத்தில் வாடிக்கையாளர் செய்தியைப் பார்த்துவிட்டு, "கூட்டம் குறைந்த பிறகு பதில் போடலாம்" என்று வைத்துவிடுகிறோம். அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளை அரை மணி நேரம் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுகிறது. பார்த்தவுடன் "சரி, பன்னிரண்டு மணிக்குள்" என்று ஒரு வரி போட்டால் வாடிக்கை நிற்கும்.

மறுபக்கம், நீல டிக் என்பது சம்மதம் ஆகாது. விலையை அனுப்பினோம், நீலம் விழுந்தது, ஆகவே ஒப்புக்கொண்டார் என்று வண்டியில் சரக்கு ஏற்றக் கூடாது. படக் குறியினால் வந்த வழக்கு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கனடாவில் சஸ்காட்சுவன் மாகாணத்தில் தானியக் கொள்முதல் நிறுவனம் ஒன்று, ஆளி விதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து 2021 இல் ஒரு விவசாயிக்கு அனுப்பி உறுதி செய்யச் சொன்னது. அவர் கட்டைவிரல் குறியை மட்டும் பதிலாகப் போட்டார். சரக்கு வரவில்லை; இதற்குள் விலையும் ஏறிவிட்டது. "செய்தி கிடைத்தது என்றுதான் போட்டேன்" என்றார் விவசாயி. முன்பும் இப்படிச் சுருக்கமான பதில்களின் பேரிலேயே அவர்கள் வியாபாரம் நடந்திருந்ததால் அது சம்மதமே என்று 2023 இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 82,000 கனடா டாலருக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது. 2024 இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. ஒரு விரல் குறி ஒரு லாரிச் சரக்கின் விலையாகிவிட்டது.

இனி வளையம். இன்ஸ்டாகிராமில் ஒருவர் படத்தைச் சுற்றி இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த வளையம் இருந்தால் புதிதாக ஏதோ போட்டிருக்கிறார் என்று பொருள். பச்சை வளையமானால் நெருங்கியவர்களுக்கு மட்டும் காட்டுகிறார். இந்த வசதி 2018 இல் வந்தது. அந்தப் பச்சை வளையத்துக்குள் தன்னைச் சேர்க்கவில்லையே என்று பிள்ளைகள் உள்ளுக்குள் வருந்துவதும் உண்டு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பச்சை வளையம் என்றால் இன்னும் பார்க்காதது, அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரே பச்சைக்கு இரண்டு அர்த்தம்.

அமெரிக்காவில் இது இன்னும் முற்றிப்போயிருக்கிறது. ஆப்பிள் கைபேசியிலிருந்து ஆப்பிள் கைபேசிக்குப் போகும் செய்தி நீலக் கட்டத்தில் தெரியும். மற்ற நிறுவனக் கைபேசியோடு பேசினால் பச்சைக் கட்டத்தில் தெரியும். பச்சைக் கட்டத்துப் பிள்ளைகளை நீலக் கட்டத்துப் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள் என்ற குறை வளர்ந்து, 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு ஆப்பிள் மீது தொடுத்த வழக்கின் மனுவிலேயே இது இடம்பெற்றது. நிறம் சாதி போல ஆகிவிட்டது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நிறமே சரக்கை விற்ற கதை

கொரியாவின் பிடிஎஸ் இசைக்குழுவை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். அதில் வி என்ற பாடகர் 2016 நவம்பரில் நடந்த ரசிகர் கூட்டத்தில், வானவில்லின் கடைசி நிறம் ஊதா, அதைப் போல நெடுநாள் நம்பிக்கையும் அன்பும் வைப்போம் என்ற பொருளில் பேசினார். அன்று முதல் ஊதா இதயம் அந்த ரசிகர்களின் அடையாளமாகிவிட்டது.

2021 இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் பல நாடுகளில் இக்குழுவின் பெயரில் ஓர் உணவை விற்றது. அதில் இருந்தது எப்போதும் விற்கிற கோழித் துண்டும் உருளைக்கிழங்கு வறுவலும் குளிர்பானமும்தான். தொட்டுக்கொள்ளும் குழம்பு இரண்டு மட்டும் சிறப்பு. உறை ஊதா நிறத்தில் வந்தது. இந்தோனேசியாவில் வாங்கிச் செல்ல வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், தொற்றுக் காலமாகையால் சில கிளைகளைத் தற்காலிகமாக மூடினார்கள். தின்றுவிட்டு வெறும் உறையைக் கழுவிக் காய வைத்துப் பாதுகாத்தவர்கள் ஏராளம். சரக்கு பழையது, நிறம் புதியது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த நிறத்துக்கு அர்த்தத்தைப் பிள்ளைகள்தான் முன்பே கொடுத்திருந்தார்கள். நாம் நினைத்த நிறத்தைப் பூசிவிட்டால் விற்றுவிடாது.

நிறத்தை நம்பி ஏமாறுவது

நிறத்துக்கு மதிப்பு வந்தால் போலியும் வரும். பணம் அனுப்பியதாகப் பச்சைத் திரையைக் காட்டிவிட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு போகிற ஏமாற்று நம் கடைகளில் நடக்கிறது. சில சமயம் அது முன்பு எடுத்த படம். சில சமயம் உண்மையானதைப் போலவே தோன்றும் போலிச் செயலி. பச்சையைப் பார்த்தவுடன் நம் மனம் "ஆயிற்று" என்று சொல்லிவிடுகிறது. எதிராளியின் திரை கல்லா ஆகாது. நம் ஒலிபெருக்கிப் பெட்டி சொல்ல வேண்டும், அல்லது நம் கணக்கில் வரவு தெரிய வேண்டும்.

பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நீல முத்திரையும் அப்படியே. ட்விட்டரில் 2009 முதல் அது புகழ்பெற்றவர்களைச் சரிபார்த்துக் கொடுத்த அடையாளம். 2022 நவம்பர் முதல் மாதச் சந்தா கட்டினால் கிடைப்பதாயிற்று. நீல முத்திரை இருக்கிறதே என்று முன்பணம் அனுப்பிவிடக் கூடாது.

நிறம் தெரியாதவர்களும் நம் வாடிக்கையாளர்களே

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பெண்களைவிட ஆண்களில் இது அதிகம். பேஸ்புக்கை உருவாக்கிய மார்க் சக்கர்பெர்க்கும் அவர்களில் ஒருவர். அதனால்தான் தன் தளத்துக்கு நீலத்தை வைத்தார்.

நம் சரக்குப் பொட்டலங்களிலேயே இதற்கு நல்ல பாடம் உண்டு. சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று முன்பு இருந்தது. நிறம் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். 2020 ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளில் அசைவக் குறி பழுப்பு முக்கோணமாக்கப்பட்டது. நிறம் ஏமாற்றினாலும் வடிவம் காப்பாற்றும்.

உறுப்பினர்கள் கடைப்பிடிக்கத் தக்கவை

1. விலைப்பட்டியலில் வண்ணம் வைத்தால் பக்கத்திலேயே "ஏற்றம்", "இறக்கம்", "மாற்றமில்லை" என்று எழுத வேண்டும். சீனாவிலும் ஜப்பானிலும் பங்குச் சந்தையில் சிவப்புதான் ஏற்றம். நிறத்துக்கு உலகப் பொது அர்த்தம் கிடையாது.

2. அளவு, விலை, நாள் மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே சரக்கை அனுப்ப வேண்டும். நீல டிக்கும் கட்டைவிரலும் போதாது. நாமும் யோசிக்காமல் கட்டைவிரல் போடக் கூடாது.

3. வழக்கத்துக்கு மாறாகப் பெரிய ஆர்டர் வந்தால் ஒருமுறை தொலைபேசியில் கேட்க வேண்டும். நான் அன்று கேட்டிருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இருந்திராது.

4. செய்தியைப் பார்த்தால் உடனே ஒரு வரி பதில். முடியாவிட்டால் கடை ஓய்ந்த பிறகே செய்தியைத் திறக்க வேண்டும்.

5. வாடிக்கையாளருக்கு இதயக் குறிகள் வேண்டாம்.

6. பணம் வந்ததைக் காதால் கேட்டு அல்லது நம் கணக்கில் பார்த்து உறுதி செய்ய வேண்டும்; எதிராளியின் பச்சைத் திரையால் அல்ல.

7. கடையில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் மாதம் ஒருமுறை, "இப்போது எந்தக் குறிக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை. சரக்கின் தரத்தை அவர்கள் நம்மிடம் கேட்கவில்லையா?

நம் முன்னோர் மண்டியில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள். வெளியே நிற்பவருக்கு ஒன்றும் புரியாது; பேசிய இருவருக்கும் ஐயமே இருக்காது. இரண்டு பேரும் ஒரே கணக்கைக் கற்றிருந்ததுதான் காரணம். இன்றைய பிள்ளைகளின் வண்ணக் கணக்கை நாம் கற்றுக்கொள்வோம். நம் எழுத்துக் கணக்கை அவர்களுக்குக் கற்றுக் கொடுப்போம்.

பின்குறிப்பாக ஒன்று. அந்தக் கடைத் தம்பி இப்போதும் என்னிடம்தான் சரக்கு எடுக்கிறார். சென்ற வாரம் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உளுந்து இறக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், எழுத்து சரிதானே அண்ணாச்சி?" என்று தொலைபேசியில் கேட்டார். சரிதான் என்றேன். ஐந்து மூட்டை போடச் சொன்னார்.